செத்த காலேஜில் சம்பளமில்லாத வேலை

சென்னைப் பட்டணத்து ஜனங்களைப் போல் பெயர் வைக்கத் தெரிந்தவர்கள் வேறெங்கும் கிடையாது. எழும்பூர் மியூஸியத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சிசாலைக்கு 'உயிர் காலேஜ்'. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தாம். 1851-ல் மியூஸியம் ஏற்பட்டபோது அதற்குப் பொறுப்பாக இருந்த எட்வர்ட் பல்ஃபோர் என்ற டாக்டர்தான், சில வருஷம் கழித்து அங்கேயே சில மிருகங்களையும் கொண்டுவந்து கட்டிவைத்தார். ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், மிருகங்களைப் பார்ப்பதற்கு. பிற்பாடு உயிர் காலேஜ் இடம் மாறி, 1985-ல் வண்டலூருக்கே போய்ச் சேர்ந்தது. வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகிற சாலை எங்கள் ஒரகடத்தைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. ஆகவே உயிர் காலேஜ் எங்களுக்குப் பக்கம். செத்த காலேஜ்தான் தூரம்.

எவ்வளவு தூரம் என்பது எனக்குப் போன வருஷம் ஆடி மாதத்தில்தான் தெரிந்தது.

முன்பு எங்கள் அடுத்த வீட்டில் குடியிருந்த ஒருவர், ஒரகடத்துப் பாக்டரி ஒன்றுக்கு ஆள் ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். காண்டிராக்ட் வேலை. அவருடைய மகள் சரித்திரத்தில் பி.ஏ. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். என்னை 'மாமா' என்று கூப்பிடுவாள். என் புத்தகங்களில் ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை என்று என் முகத்துக்கு நேரேயே சொல்லுவாள். அதனாலேயே அவள்மேல் எனக்கு ஒரு மரியாதை.

ஐரோப்பிய நகரம் ஒன்றில் உள்ள பெரிய மியூஸியம் தன் சாமான்களின் படங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறது. இந்தப் பெண் ராத்திரியெல்லாம் அதைப் புரட்டிக்கொண்டே இருப்பாளாம். அதில் ஒரு படம். மரத்தில் செய்து இரும்புப் பூண் போட்ட ஏனம். கீழே விளக்கம்: 'சடங்குப் பாத்திரம், தென்னிந்தியா.' இவள் அந்தப் படத்தைத் தன் ஆயாவிடம் காட்டியிருக்கிறாள். ஆயா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்துவிட்டு, "சடங்காவது கருமாந்தரமாவது! மரக்காலுடி இது. வாய்ல ஒரு பக்கம் தேஞ்சி கீது பாரு. தலைதட்டித் தலைதட்டித் தேஞ்சது. களத்துல நெல்லு அளக்கிறது" என்றிருக்கிறாள். அதோடு விடவில்லை. முதல் மரக்காலை ஒன்று என்று எண்ணக்கூடாது, 'லாபம்' என்று சொல்லித்தான் ஆரம்பிக்க வேண்டும், அப்புறம்தான் ரெண்டு, மூணு என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறாள்.

பெண் இதையெல்லாம் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதி அனுப்பினாள். நன்றி தெரிவித்துப் பதில் வந்தது. விளக்கத்தைத் திருத்திவிட்டார்கள். அடுத்து நடந்தது என்னவென்றால், அவர்கள் மாணவர்களுக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுப்பதைப் பார்த்து இவள் மனுப் போட, இடமும் கிடைத்துவிட்டது. இன்டர்ன்ஷிப் என்கிறார்கள். அந்தக் கடிதத்தைத்தான் என்னிடம் கொண்டுவந்தாள். முதல் பக்கத்தில் வாழ்த்து. இரண்டாம் பக்கத்தில், சம்பளம் கிடையாது. விமானக் கட்டணம், விசா, இன்ஷூரன்ஸ், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் பயிற்சிக்கு வருகிறவர் பொறுப்பு.

கூட்டிப் பார்த்தோம். நாலரை லட்சம் ரூபாய்.

"செத்த காலேஜுல இன்னாடி வேலை? பொணத்துக்குக் காவலா?" என்று ஆயா கேட்டாள். "அதுக்கு நாமதான் துட்டுத் தரணுமா?" என்றும் கேட்டாள். முதல் கேள்விக்கு நான் பதில் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெண்ணின் தகப்பனார் அரை கிரவுண்டு மனை ஒன்று வைத்திருக்கிறார். அதை விற்றுவிடலாமா என்று யோசித்தார். நான் வேண்டாம் என்றேன். ஏதாவது உதவித்தொகை கிடைக்காதா என்று இரண்டு வாரம் தேடினேன். இல்லாமல் இல்லை. லண்டனில் பிரிட்டிஷ் மியூஸியம் 2006-லிருந்து பல தேசத்தாருக்குச் செலவையும் ஏற்றுக்கொண்டு பயிற்சி தருகிறது, நல்ல காரியம். ஆனால் அது ஏற்கெனவே இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு. தொழிலில் சேரவோ அனுபவம் கேட்பார்கள். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்.

இந்தச் சமயத்தில் எனக்கு இரண்டு பேருடைய உபதேசம் கிடைத்தது. இரண்டையும் வாசகர்களுக்குச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இரண்டுமே ஊரில் செலாவணியாகிற அபிப்பிராயங்கள்.

முதலாமவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். "வித்தை என்றால் கஷ்டப்படத்தான் வேண்டும் ஸார். நாம் இருக்கிற ஊர் என்ன ஊர்? ஸ்ரீபெரும்புதூர். இங்கே பிறந்த ராமானுஜர் ஒரு மந்திரத்துக்காக ஸ்ரீரங்கத்துக்கும் திருக்கோஷ்டியூருக்கும் பதினெட்டு தரம் நடக்கவில்லையா? சம்பளம் கேட்டாரா?" என்றார்.

பேஷ்! நடந்தார் என்பதுதான் ஐதீகம். ஆனால் கதையைப் பாதியில் நிறுத்துவது பேராசிரியர்களுக்கு அழகல்ல. பதினெட்டாவது தரம் கிடைத்த ரகசியத்தை அவர் என்ன செய்தார்? கோபுரத்தின்மேல் ஏறி நின்று, கேட்கக் காதுள்ளவர்களெல்லாம் கேட்கட்டும் என்று கூவிவிட்டார். விமானக் கட்டணம் வைத்திருப்பவன் மட்டும் வா என்று கூவியதாக எந்தக் குருபரம்பரையிலும் இல்லை. கஷ்டப்படுவது வேறு, கஷ்டப்படுவதற்கு நுழைவுச் சீட்டு நாலரை லட்சம் என்று வைப்பது வேறு. அந்த நாலரை லட்சம் கையில் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அந்த மூன்று மாதம் கஷ்டமே அல்ல, ஐரோப்பிய யாத்திரை.

இரண்டாமவர் தேசபக்தர். "திருடன் வீட்டில் போய்ப் பாடம் படிப்பார்களா? நம்முடைய சிலையெல்லாம் அவனிடம் இருக்கிறது. அவனுக்குத் தூசி தட்டிக் கொடுக்கவா நம் பெண்ணை அனுப்புவது?" என்று கொதித்தார்.

இவரிடம் எனக்கு அனுதாபம் உண்டு. அமராவதிச் சிற்பங்கள் சென்னையிலிருந்து 1859-ல் கப்பலேறி லண்டனுக்குப் போனதும், நாம் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் அவற்றைப் பார்ப்பதும் சந்தோஷமான சரித்திரம் அல்ல. ஆனால் அனுதாபத்தால் காரியம் ஆகாது. ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் மியூஸியத்தில் ஒரு திருமங்கையாழ்வார் நின்றுகொண்டிருந்தார். 1967-ல் லண்டன் ஏலத்தில் வாங்கியது. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்த ஆழ்வார் அவர்தான் என்பதைக் காட்டிக்கொடுத்தது எது? கோஷமா, ஊர்வலமா? 1957-ல் எடுத்த ஒரு போட்டோ. புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தில் யாரோ அதை எண்ணிட்டு, ஊர்ப் பெயர் எழுதி, பத்திரமாக வைத்திருந்தார்கள். 2019-ல் ஓர் ஆராய்ச்சியாளர் அதை எடுத்துக் காட்டவும், மியூஸியமே இந்தியத் தூதரகத்துக்கு எழுதியது. 2024-ல் சிலையைத் திருப்பித் தரப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. எழுதி வைக்கத் தெரிந்த கை இருந்தால்தான் திருட்டுப் போனதே தெரியும். அந்தக் கைப் பழக்கத்தை எங்கே கற்றுக்கொள்ள முடியுமோ அங்கே போய்க் கற்க வேண்டியதுதான். கற்றுக்கொள்வதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. மேலைத்தேசத்து மியூஸியத்தில் நம்மவர் போய் நின்றதும் புதிதல்ல. ஈழத்துத் தமிழருக்குப் பிறந்த ஆனந்த குமாரசாமி 1917-ல் பாஸ்டன் மியூஸியத்தில் இந்தியக் கலைப் பிரிவுக்கே பொறுப்பாளராக அமர்ந்தார். சும்மா போய் உட்காரவில்லை, உத்தியோகம்.

என்னுடைய சண்டை வேறு. அதைச் சொல்ல எங்கள் சாலைக்கே திரும்பி வருகிறேன்.

இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறார்கள். ஒரகடத்தில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் டயரும் செய்கிறார்கள். இந்தப் பாக்டரிகளில் அப்ரண்டிஸ் பையன்கள் ஏராளம். அவர்களுக்கு மாதா மாதம் ஒரு தொகை கொடுத்தாக வேண்டும் என்று 1961-ல் போட்ட அப்ரண்டிஸ் சட்டம் சொல்லுகிறது. 2014-ல் அதைத் திருத்தினார்கள். இஞ்சினீயரிங் படிக்காத பட்டதாரிகளும் சேரலாம் என்று ஆயிற்று. 2019-ல் விதிகளைத் திருத்தியபோது, முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற ஸ்தாபனம் எதுவும் நூற்றுக்கு இரண்டரைப் பேருக்குக் குறையாமல் அப்ரண்டிஸ் வைக்க வேண்டும், பட்டதாரிக்கு மாதம் 9,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றார்கள். 9,000 பெரிய தொகை அல்ல. எத்தனையோ இடத்தில் அப்ரண்டிஸ் என்ற பெயரில் முழு வேலை வாங்குகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அந்தச் சண்டையை இன்னொரு நாள் போடுகிறேன். ஆனால் சட்டத்தின் மனசைப் பாருங்கள். கற்றுக்கொள்கிறவனுக்கும் வயிறு உண்டு; கற்றுக்கொள்ளும்போதே அவன் கை உழைக்கிறது; ஆகையால் கொடு. கார்க் கதவுக்கு போல்ட் முடுக்கக் கற்பவனுக்கு இந்த நியாயம் ஒப்புக்கொள்ளப்பட்டு அறுபது வருஷத்துக்குமேல் ஆகிவிட்டது.

ஆயிரம் வருஷத்துச் சாமானுக்குச் சீட்டு எழுதக் கற்பவளுக்கு மட்டும் ஏன் கிடையாது? கலைச்சேவையாம்! 'அனுபவம் கிடைக்கிறதே' என்கிறார்கள். போல்ட் முடுக்குகிறவனுக்கும் அனுபவம் கிடைக்கத்தான் கிடைக்கிறது. அவனிடம் போய் அனுபவத்தைச் சாப்பிடு என்று யாராவது சொல்லிப் பார்க்கட்டும்.

மியூஸியத் தொழிலின் வேரைத் தேடிக்கொண்டு போனால் அதிலும் சம்பளம்தான் இருக்கிறது. இங்கிருந்து அரை மணி, முக்கால் மணிப் பிரயாணத்தில் பல்லாவரம். 1863 மே 30-ம் தேதி அங்கே ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல்லைப் பொறுக்கியெடுத்தார். ஆதிமனிதன் செதுக்கிய கற்கோடரி. இந்தியாவின் கற்காலச் சரித்திரம் அந்தக் கல்லில்தான் ஆரம்பமாகிறது. அதே வருஷம் கொற்றலையாற்றுப் பக்கத்து அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடித்தார்கள். அங்கே கிடைத்த ஆயுதங்களுக்கு வயது பதினைந்து லட்சம் ஆண்டு என்று 2011-ல் நிரூபித்தார்கள். ஃபூட் யார்? பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவின் உத்தியோகஸ்தர். மாதம் பிறந்தால் சம்பளம். வாழ்நாளெல்லாம் பொறுக்கிச் சேர்த்ததைச் சென்னை மியூஸியத்துக்குத் தந்தபோதும் தானமாகத் தரவில்லை, விலைக்குத்தான் தந்தார். அதில் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. அதே மியூஸியத்தில் 1930-களில் பரமசிவன் என்ற ரசாயன சாஸ்திரி பச்சை பிடித்துக் கிடந்த வெண்கலங்களை மின்சாரத்தால் சுத்தி செய்து காப்பாற்றினார். சிவராமமூர்த்தி அங்கே மிஞ்சியிருந்த அமராவதிச் சிற்பங்களுக்கு 1942-ல் எழுதிய புத்தகம் இன்றும் ஆதார நூல். இவர்களும் மாதச் சம்பளக்காரர்கள்தாம். சம்பளம் வாங்கியதால் யாருடைய கலைப் பற்றும் தேய்ந்துவிடவில்லை.

அமெரிக்காக்காரனுக்கே இது உறைத்துவிட்டது. 1992-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பெரிய கலவரம் நடந்தது. அதற்கு மறு வருஷம் அங்குள்ள கெட்டி அறக்கட்டளை, மியூஸியங்களின் உள்ளே எல்லாம் ஒரே ஜாதி முகமாக இருக்கிறதே என்று, மற்ற இனத்து மாணவர்களுக்குப் பணம் கொடுத்துப் பயிற்சி தர ஆரம்பித்தது. 2019-ல் கலை மியூஸியங்களின் டைரக்டர்கள் சங்கமே கூடி, பயிற்சிக்கு வருகிறவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் வசதியுள்ளவர்கள் மட்டுமே இந்தத் தொழிலுக்கு வருவார்கள் என்று தீர்மானம் போட்டது. தீர்மானம் போட்டதாலேயே எல்லாரும் கொடுத்துவிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. குற்றம் என்ன என்று குற்றவாளியே ஒப்புக்கொண்டிருக்கிறான் என்கிறேன்.

வசதியுள்ளவர்கள் மட்டும் வந்தால் என்ன, அவர்களும் படித்தவர்கள்தானே என்று கேட்கலாம். மரக்காலைப் பாருங்கள். அதைச் சடங்குப் பாத்திரம் என்று எழுதியவர் முட்டாள் அல்ல. என்னைவிட நாலு மடங்கு படித்திருப்பார். ஆனால் அவர் வீட்டில் யாரும் களத்து மேட்டில் நின்று நெல் அளந்ததில்லை. சீட்டு எழுதுகிற மேஜைக்குக் களத்து மேட்டு வீட்டுப் பிள்ளை போய்ச் சேராதபடி வாசலில் ஒரு கட்டணம் வைத்துவிட்டு, அப்புறம் 'இந்தப் பொருளின் உபயோகம் விளங்கவில்லை' என்று எழுதிக்கொண்டிருப்பது என்ன விவேகம்? அவளிடமிருந்து மரக்காலை இலவசமாக வாங்கிக்கொண்டார்கள். 'லாபம்' என்ற வார்த்தையையும் இலவசமாக வாங்கிக்கொண்டார்கள். அவளையும் இலவசமாகக் கேட்கிறார்கள்.

வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டு நம் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்ள எனக்கு உத்தேசமில்லை. நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறது? ஒரு மாதம் வேலை வாங்கிக்கொண்டு கடைசியில் ஒரு சர்டிபிகேட்டைக் கையில் கொடுத்து அனுப்புகிற வழக்கம் இங்கேயும் உண்டு. பரோடாவில் 1952-லேயே மியூஸியக் கலைக்குப் பல்கலைக்கழகத்தில் தனிப் பிரிவு ஏற்படுத்திவிட்டார்கள். கீழடியில் 2023-ல் அழகான மியூஸியம் கட்டித் திறந்தார்கள். போய்ப் பார்த்தேன், பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் சாலையில்?

ஒரகடத்துக்குப் பக்கத்தில் வடக்குப்பட்டு என்று ஒரு கிராமம். 2022-ல் மத்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியது. கல்லாயுதங்கள் கூடை கூடையாக வந்தன. பன்னிரண்டாயிரம் வருஷத்துக்கு முற்பட்டவை, ஆயுதம் செய்கிற பட்டறையே அங்கே இருந்திருக்க வேண்டும் என்று தோண்டியவர்கள் அப்போது சொன்னார்கள். மேல் மண்ணில் ரோமாபுரிச் சாடிகளின் ஓடுகளும் பொன் நகைகளும் கிடைத்தன. ஆக, இந்த இடத்தில் உற்பத்தித் தொழில் நேற்று வந்ததல்ல! ஷிப்டு மணி அடிப்பதற்குப் பன்னிரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே ஒருவன் இங்கே உட்கார்ந்து சாமான் செய்திருக்கிறான். அதைக் காட்டிச் சொல்ல இந்தச் சாலையில் ஓர் அறையைக்கூட நான் கண்டதில்லை. அது போகட்டும். 2006-லிருந்து 2014 நவம்பர் வரை ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கம்பெனி கோடிக்கணக்கில் செல்போன் செய்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் அங்கே நின்று வேலை செய்தார்கள். ஒரு நாள் மூடிவிட்டார்கள். அங்கே செய்த ஒரு போனை, ஒரு பெண் போட்டிருந்த நீலக் கோட்டை, ஓர் அடையாளச் சீட்டை எந்த மியூஸியத்திலும் நான் பார்த்ததில்லை. இன்னும் ஐம்பது வருஷம் கழித்து எவனாவது ஒரு போனைத் தோண்டியெடுத்து, 'சடங்குப் பொருள்' என்று எழுதுவான்.

பணம் இல்லை என்று சொல்லாதீர்கள். 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி பெரிய கம்பெனிகள் லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைப் பொதுக் காரியத்துக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தக் காரியம் என்ற பட்டியலில், தேசத்தின் பழம்பெருமையையும் கலையையும் பண்பாட்டையும் பாதுகாப்பது என்பதும் இருக்கிறது. இந்தச் சாலையில் அப்படிப்பட்ட கம்பெனிகள் எத்தனை என்று பஸ்ஸில் போகும்போதே எண்ணலாம். ஸ்கூலுக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்து, முதுகில் கம்பெனிப் பெயரைப் பெயிண்ட் அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், வருஷத்துக்குப் பத்துப் பிள்ளைகளுக்கு, எழும்பூரிலோ பூண்டியிலோ கீழடியிலோ அப்ரண்டிஸாக நிற்க மாதச் சம்பளம் கொடுக்கட்டும். இரண்டு வருஷம் நின்று கை பழகியவர்களில் இரண்டு பேரை வெளிதேசத்துக்கும் அனுப்பட்டும், டிக்கெட்டும் படியும் கொடுத்து. சர்க்காரும் தன் மியூஸியங்களில் சம்பளமில்லாமல் ஒரு பிள்ளையையும் வேலை வாங்குவதில்லை என்று ஓர் உத்தரவு போடட்டும். பாக்டரிக்காரனுக்குச் சட்டம் போட்ட சர்க்கார் தனக்கும் அதைப் போட்டுக்கொண்டால் மானக்கேடு ஒன்றுமில்லை.

அந்த ஐரோப்பிய மியூஸியத்துக்கு நானும் ஒரு கடிதம் எழுதினேன். என் இங்கிலீஷைப் பெண்தான் திருத்தினாள். மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது: இந்த வருஷத்து பட்ஜெட்டில் இடமில்லை, இந்த இடத்துக்குப் பல தேசத்து மாணவர்கள் காத்திருக்கிறார்கள், இந்தத் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும். தேதி தாண்டிவிட்டது. மனை விற்கப்படவில்லை. வேண்டாம் என்று தடுத்தது சரிதானா என்று எனக்கு இன்னும் நிச்சயமில்லை. அவளிடம் கேட்கவும் தைரியமில்லை.

பரீட்சை முடிந்ததும் அவள் ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பகுதியில் பட்டதாரி அப்ரண்டிஸாகச் சேர்ந்துவிட்டாள். போன மாதம் வந்திருந்தாள். "என்ன வேலை?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கார்டு மாமா. எங்கிருந்து வந்தது, என்னைக்கு வந்தது, எந்த ரேக், எத்தனை இருக்கு, யார் எடுத்தாங்க, எல்லாம் எழுதணும். கார்டுல இல்லாத சாமான் இருக்கவே கூடாது. மியூஸியத்துலயும் இதே ரிஜிஸ்டர்தான்" என்றாள்.

முதல் மாதப் பணம் பாங்கியில் விழுந்ததும் எடுத்துக்கொண்டு போய் ஆயாவின் கையில் கொடுத்தாளாம். பதினெட்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு. ஆயா திண்ணையில் உட்கார்ந்து, விரலில் எச்சில் தொட்டுக்கொண்டு, "லாபம், ரெண்டு, மூணு" என்று எண்ணினாளாம்.